பற்றவைத்த துண்டையும் உப்பில் போடுங்கள்

உருகிய உப்பில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்ந்துவரும் மாணவ, மாணவியருக்கு,



கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்களில் ஒன்பது பேர் ஆய்வேட்டின் வரைவை எனக்கு அனுப்பி, படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தவனுக்கு மூன்றாவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் ஒரே விஷயத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. அதனால் இதைப் பொதுமடலாகவே எழுதுகிறேன். இந்தத் துறையில் காலெடுத்து வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

ஒன்பது வரைவிலும் சோதனை ஏறக்குறைய ஒன்றுதான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக எஃகில் ஒரு துண்டு வெட்டுகிறீர்கள். எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அசிட்டோனில் கழுவி, எடை பார்த்து, அலுமினா மூசையில் உருகிக் கிடக்கும் உப்புக்குள் இறக்குகிறீர்கள். உலை 565 டிகிரி செல்சியஸ். ஆயிரம் மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, ஒட்டிய உப்பைக் கழுவி, மேலே படிந்த படலத்தை அமிலத்தில் நீக்கி, மறுபடி எடை பார்க்கிறீர்கள். குறைந்த எடையிலிருந்து, ஆண்டுக்கு இத்தனை மைக்ரான் உலோகம் போகும் என்று கணக்கு வருகிறது. அதை 30 ஆல் பெருக்கி, "இந்த எஃகு சூரிய வெப்ப மின்நிலையத்தில் 30 ஆண்டு தாங்கும்" என்று முடிவுரையில் எழுதுகிறீர்கள்.

நீங்கள் அளந்த எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. கவனமாகத்தான் அளந்திருக்கிறீர்கள். அதற்கடுத்து எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயிரம் மணி நேரம் என்பது 42 நாள். 30 ஆண்டு என்பது இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் மணி நேரத்துக்கும் மேல். நீங்கள் பார்த்தது அதில் 263-இல் ஒரு பங்கு. அது மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். பொதுவாகப் படலம் தடிக்கத் தடிக்க அரிப்பின் வேகம் குறையும், அது நமக்குச் சாதகம். ஆனால் இதுவரை ஓட்டையான உப்புத் தொட்டிகள் சுவர் மெலிந்து ஓட்டையாகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

படிக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபுர வகைச் சூரிய வெப்ப நிலையத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலைத் திருப்பிக் கோபுர உச்சியில் இருக்கும் குழாய்கள்மேல் குவிக்கின்றன. குழாய்க்குள் ஓடுவது எடைக்கணக்கில் 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உப்பு. இரண்டாவது நம்மூர் வெடியுப்புதான். 290 டிகிரியில் மேலே போகிறது, 565 டிகிரியில் கீழே வருகிறது. சூடான உப்பு ஒரு பெரிய தொட்டியில் காத்திருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அதன் சூட்டில் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுத்துவிட்டு, ஆறிய உப்பை இன்னொரு தொட்டிக்கு அனுப்புகிறார்கள். ஸ்பெயினில் செவில்லா அருகே உள்ள கெமாசோலார் நிலையம் 2013-இல் 36 நாள் இரவு பகல் நிற்காமல் இப்படி ஓடியது. பகல் வெயிலை வாங்கி நள்ளிரவில் விளக்கேற்றும் அந்த ஏற்பாட்டின்மேல் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. குறையாததால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இப்போது நெவாடாவுக்கு வாருங்கள். டோனோபா ஊருக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் கிரெசென்ட் டியூன்ஸ் என்று ஒரு நிலையம். 110 மெகாவாட், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள், பத்து மணி நேரத்துக்குச் சூட்டைச் சேமிக்கும் தொட்டி. 2015-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2016 முடிவதற்குள் சூடான உப்புத் தொட்டி ஒழுகியது. சீர்செய்து மறுபடி ஓட்ட 2017 ஜூலை ஆகிவிட்டது. சொன்ன அளவு மின்சாரம் வரவில்லை என்று 2019-இல் கொள்முதல் ஒப்பந்தமே ரத்தானது. மொராக்கோவில் உவர்சசாத் நகருக்கு அருகே உள்ள நூர் மூன்று, 150 மெகாவாட், 2018-இல் வந்தது. 2024-இல் அதன் சூடான தொட்டியும் ஒழுகி, நிலையம் மாதக்கணக்கில் நின்றுபோனது.

இரண்டு தொட்டிகளுக்கும் வயது என்ன, பாருங்கள். உங்கள் அட்டவணைப்படி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மைக்ரான் போகிற எஃகில் இத்தனை குறைந்த காலத்தில் ஒரு தலைமுடி அளவுக்கு மேல் தேய்ந்திருக்காது. தேய்மானம் அல்லாத வேறொன்றுதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

இது எனக்குப் புதிய பாடம் அல்ல. பழைய பாடம், நானே மறந்துபோனது. 1978-இல், இருபத்திரண்டு வயதில், அம்பத்தூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கருவிகளையும் ஸ்பிரிங்குகளையும் பதப்படுத்த அங்கே நைட்ரேட் 'சால்ட் பாத்' இருந்தது. சாதாரண இரும்புத் தகட்டை வளைத்து அடித்தட்டுப் பற்றவைத்த ஒரு பெரிய பானை, அதைச் சுற்றி மின்சூடேற்றி. சனிக்கிழமை மாலை மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன், மேலே தடித்துக் கீழே கூம்பின ஓர் இரும்புக் கம்பியை உப்பின் நடுவே நிறுத்திவைக்க வேண்டும். ஞாயிறன்று உப்பு பாறையாக இறுகிவிடும். திங்கள் காலை அந்தக் கம்பியைத் தட்டி உருவியெடுத்தால் நடுவில் ஒரு துளை கிடைக்கும். அடியில் முதலில் உருகும் உப்பு அந்தத் துளை வழியே மேலே வரும். போர்மேன் அண்ணன் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த வேலை அதுதான்.

ஒரு சனிக்கிழமை கம்பி வைக்க மறந்துவிட்டோம். எல்லாருமேதான், மேற்பார்வைக்கும் அன்று ஆள் இல்லை. திங்கள் காலை சூடேற்றினோம். உப்பு உருகும்போது கனஅளவு நூற்றுக்கு நாலைந்து பங்கு கூடும். மேலே கல்லாக மூடியிருக்க, அடியில் உருகியது போக வழியில்லாமல் பானையின் அடித் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. செங்கல்மேல் பரவியது, ஆள்மேல் படவில்லை. மறுநாள் பானையை வெட்டி அளந்து பார்த்தோம். ஆறு ஆண்டு உப்பில் ஊறிய சுவர் தகடு ஏறக்குறைய புதுத் தகட்டின் தடிமனிலேயே இருந்தது. பிளந்தது பற்றவைப்புக்குப் பக்கத்தில், ஒரே கோடாக. உப்பு அதைத் தின்றிருக்கவில்லை. நாங்கள்தான் மடமையால் அதைப் பிளக்க வைத்தோம்.

பின்னாளில் ஆய்வகத்துக்கு வந்தேன், உங்களைப் போலவே மூசையும் தராசுமாக. அங்கே தேய்த்த துண்டுகளோடு பற்றவைத்த துண்டு ஒன்றும் ஒருமுறை உப்பில் போனது. எடையில் வித்தியாசம் இல்லை; உருப்பெருக்கியில் தையலுக்கு அருகே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. ஆய்வின் தலைப்பு 'சீரான அரிப்பு' என்பதால் அந்தத் துண்டை அட்டவணையில் சேர்க்கவில்லை. எந்த ஆசிரியரும் அதை நீக்கச் சொல்லவில்லை. நானே நீக்கினேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

சூடான உப்புத் தொட்டிகளை 347எச் என்னும் ஸ்டெயின்லெஸ் எஃகில் கட்டுகிறார்கள். நம் வீட்டு எவர்சில்வரின் உறவுதான், ஆனால் இதில் நையோபியம் சேர்த்திருக்கும். எதற்காக? சாதாரண ஸ்டெயின்லெஸ் எஃகை நெடுநாள் சூட்டில் வைத்தால் அதிலுள்ள கார்பன், எஃகின் நுண்படிக மணிகளின் எல்லைக்கு ஓடிப்போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லையோரம் குரோமியம் வற்றி, அரிப்புக்கு வழி திறக்கும். நையோபியம் முந்திக்கொண்டு கார்பனைக் கட்டிப்போடுகிறது. அரிப்பு நூல்கள் இதை ஒரு நல்ல சிகிச்சையாகச் சொல்கின்றன, நல்ல சிகிச்சைதான்.

அந்த மருந்தே வேறொரு நோய்க்கு இடம் கொடுக்கிறது. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும். சுற்றியுள்ள தகடு சுருங்க விடாது. அந்த இழுபறி, எஃகு வளைந்துகொடுக்கும் எல்லைக்கு அருகிலேயே, தையலுக்குள் பூட்டி நிற்கும். வெளியிலிருந்து யாரும் இழுக்க வேண்டியதில்லை. பிறகு தொட்டியை 565 டிகிரிக்குச் சூடேற்றினால், உலோகம் மெல்ல மெல்ல நெகிழ்ந்து அந்த இழுப்பைத் தளர்த்தப் பார்க்கும். நெகிழ வேண்டியது மிகக் கொஞ்சம்தான். ஆனால் அதே சூட்டில் நையோபியம் கார்பைடு பொடிப்பொடியாக மணிகளுக்குள்ளே பிறந்து மணிகளை விறைப்பாக்கிவிடுகிறது. மணி நெகிழாது. நெகிழ்வு முழுவதும் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைமேல் விழும். எல்லை தாங்காமல் திறக்கும். தகைவுத் தளர்வு விரிசல் என்று இதைச் சொல்லலாம். சூடான தொட்டிகள் பழுதான கதையை அலசிய அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார் 347எச் தையல்களில் இதைத்தான் முக்கியமான ஐயமாக எழுதியிருக்கிறார்கள்.

பற்றவைத்த பிறகு 900 டிகிரிக்கு அருகில் சூடேற்றி ஆறவிட்டால் அந்த இழுப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். பாய்லர் குழாய் என்றால் உலைக்குள் தள்ளலாம். பாலைவனத்தில் நாற்பது மீட்டர் விட்டத்துக்கு நிற்கிற தொட்டியை எந்த உலைக்குள் தள்ளுவது? அதனால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தொட்டியின் தரைத்தகட்டையும் நினைத்துப் பாருங்கள். நாற்பது மீட்டர் அகலமுள்ள ஸ்டெயின்லெஸ் தகடு, அறை வெப்பத்திலிருந்து 565 டிகிரிக்குப் போகும்போது 39 சென்டிமீட்டர் அகலம் கூடுகிறது. கிட்டத்தட்ட ஒரு முழம். மேலே ஆயிரக்கணக்கான டன் உப்பு அமுக்க, கீழே மணலோ வெப்பம் கடத்தாத களிமண் உருண்டைகளோ உரச, அந்தத் தகடு ஒரு முழம் விரிந்தாக வேண்டும். காலையில் முதல் உப்பு சற்றுக் குறைந்த சூட்டில் உள்ளே விழுந்தால், விழுந்த இடம் சுருங்கும், பக்கத்து இடம் சுருங்காது. விரிய விடாத இடத்தில் தரை புடைத்துக்கொண்டு எழும். புடைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு தையல் இருக்கும். உங்கள் மூசையில் கிடக்கும் பளபளப்பான துண்டுக்கு இதில் எதுவுமே தெரியாது. அது யார் உரசலும் இழுப்பும் இல்லாமல், உப்பில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

"அப்படியானால் இது இயந்திரவியல்காரர்கள் பாடு, அரிப்புக்கும் இதற்கும் என்ன?" என்று ஒரு மாணவி என்னிடம் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இதில்தான் அரிப்பு தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது என்று படுகிறது. விரிசல் திறந்த நொடியில் படலம் இல்லாத புது உலோகம் உப்பைச் சந்திக்கிறது. உள்ளே போன உப்பு அங்கே ஆக்சைடை உண்டாக்குகிறது. ஆக்சைடுக்கு அதைத் தந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே அது விரிசலுக்குள் ஆப்பு வைத்ததுபோல் நின்று வாயை அகட்டும். குறுகிய பிளவுக்குள் தேங்கிய உப்பு, தொட்டி நடுவிலுள்ள உப்பைப் போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அங்கே உயிர்வளி குறைந்து நைட்ரைட் கூடலாம். விரிசலின் நுனியில் நைட்ரேட் உப்பு என்ன செய்கிறது? இந்தக் கேள்வியை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் ஒன்றுக்கு மேலேயே இதில் வேலை இருக்கிறது.

உங்கள் அடிப்படை வேதியியலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளையாக உள்ளே போன உப்பு வெளியே வரும்போது மஞ்சளாக இருந்ததை ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் கவனித்து எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் 'மிக நன்று' என்று எழுதினேன். அந்த மஞ்சள் குரோமேட். காற்றிலும் தண்ணீரிலும் எவர்சில்வரைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் மெல்லிய தோல். உருகிய நைட்ரேட்டில் அந்தத் தோலே குரோமேட்டாக மாறிக் கரைந்து போகிறது. எஃகை ஸ்டெயின்லெஸ் ஆக்கும் குரோமியம் கரைந்த பிறகு இரும்பின் ஆக்சைடுகளும், சூடு கூடினால் சோடியம் ஃபெரைட்டும்தான் காவலுக்கு நிற்கின்றன. குரோமியம் நிறைய, நிக்கல் நிறைய என்று விலை கூடிய கலவையை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். அலுமினியம் ஆக்சைடு தோல் தரும் கலவைகளும் பூச்சுகளும் நைட்ரேட்டில் ஏன் நன்றாக நிற்கின்றன என்பதற்கும் விடை இங்கேதான். மறக்காமல் இன்னொன்று: அந்த மஞ்சள் உப்பில் இருப்பது ஆறிணைத்திறன் குரோமியம், நச்சு. வெறுங்கையால் தொடாதீர்கள், கழுவிய நீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள்.

தொட்டிக்குச் சொன்ன எண்ணைக் கோபுர உச்சிக் குழாய்க்கும் சொல்வது இன்னொரு தவறு. நாலு வரைவுகளில் பார்த்தேன். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1996 முதல் 1999 வரை ஓடிய சோலார் டூ நிலையத்தில் அந்தக் குழாய்ச் சுவர் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். உப்பு 565 டிகிரியில் வெளியே வருகிறது என்றால், வெயில் குவியும் பக்கம் குழாயின் உட்சுவர் 600-ஐத் தொடும், மேலும் போகும். உங்கள் எண் 565-க்கு உரியது. 680 டிகிரியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஸ்டெயின்லெஸிலும் விலையுயர்ந்த நிக்கல் கலவைகளிலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மைக்ரான் போயிருக்கிறது. நூற்றுச் சொச்சம் டிகிரி ஏற்றத்தில் பத்து மைக்ரான் சில நூறாகிவிடுகிறது. உப்பே அங்கே உடையத் தொடங்குகிறது. நைட்ரேட் நைட்ரைட்டாகி, அதுவும் சிதைந்து, ஆக்சைடு அயனிகள் கூடிக்கொண்டே போகும். உப்பின் மேலுள்ள வாயுவைக் கட்டுப்படுத்தி 600 வரை போகலாமா என்று ஜெர்மன் விண்வெளி மையத்தார் பார்த்துவருகிறார்கள். ஆகவே உலை திறந்திருந்ததா, மூடியிருந்ததா, மேலே காற்றா, ஆர்கானா, நைட்ரைட் எத்தனை பங்கு என்று எழுதாத அட்டவணையை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பின் தூய்மை. நீங்கள் வாங்குவது ஆய்வகத் தர உப்பு, பாட்டிலில் வருகிறது. ஸ்பெயினில் கிரனாடா அருகே ஆண்டசோல் ஒன்று நிலையத்துக்கு மட்டும் 28,500 டன் உப்பு போனது. அவ்வளவையும் யாரும் பாட்டிலில் வாங்க முடியாது. நைட்ரேட்டின் பெரும் ஊற்று சிலியின் அடகாமா பாலைவனத்துக் காலிச்சே பாறை. அதிலிருந்து குளோரைடும் பெர்குளோரேட்டும் சல்பேட்டும் கூடவே வருகின்றன. மெக்னீசியம் நைட்ரேட் இருந்தால் முதல் உருக்கலில் பழுப்பு நிறப் புகை கிளம்பும். அதை அடக்கவே தனி ஏற்பாடு செய்கிறார்கள். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பிராட்ஷாவும் கூட்ஸும் இருபது ஆண்டுக்கு முன்பே இதற்கு வழிகாட்டிவிட்டார்கள். மாசு அளவு வெவ்வேறான ஏழு உப்புக் கலவைகள், ஏறக்குறைய 7000 மணி நேரம், 570 டிகிரி. 304, 316 ஸ்டெயின்லெஸில் ஆண்டுக்கு 6 முதல் 15 மைக்ரான். 316 டிகிரியில் சாதாரண கார்பன் எஃகில் 1 முதல் 4. ஒரே வகை எஃகு, ஒரே சூடு, உப்பின் அழுக்கு மாறியதும் எண் இரண்டரை மடங்கு வரை போகிறது. உங்கள் ஒன்பது வரைவில் குளோரைடு அளவைச் சொன்னது இரண்டு.

உறைவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த உப்பு 240 டிகிரியை நெருங்கும்போதே இறுகத் தொடங்கும். ஒரு வால்வில், ஒரு முழங்கைக் குழாயில் சூடேற்றிக் கம்பி பழுதானால் போதும், உள்ளே கல். அவசரப்பட்டு நடுவில் சூடேற்றினால் அம்பத்தூர் பானைக்கு நேர்ந்ததுதான் அந்தக் குழாய்க்கும் நேரும். இருபக்கமும் உறைந்திருக்க நடுவில் உருகியது குழாயைப் புடைக்க வைக்கும். எத்தனை முறை உறைந்து உருகினால் தையல் எப்படி ஆகிறது என்று பார்க்க உங்களுக்குப் பெரிய கருவி ஏதும் தேவையில்லை. ஒரு சாண் குழாய், இருபக்கமும் மூடி, நடுவில் ஒரு தையல். பாதுகாப்பு ஏற்பாட்டுடன், ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள்.

குளோரைடு உப்புகளை எடுத்திருக்கும் மூவருக்கு மட்டும் சில வார்த்தை. 700 டிகிரிக்கு மேல் போக வேண்டும் என்று மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் குளோரைடு கலவையை எடுத்திருக்கிறீர்கள். ஐப்பசி அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி கசகசவென்று நீர் விடுவது எதனால்? தூத்துக்குடி உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் எது நிறைந்திருக்கிறது? மெக்னீசியம் குளோரைடுதான். காற்றிலுள்ள ஈரத்தை அது விடாது. ஈரத்தோடு சூடேறினால் மெக்னீசியம் ஹைட்ராக்சிகுளோரைடும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் பிறக்கும்; அவைதான் உலோகக் கலவையிலிருந்து குரோமியத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகின்றன. இந்த உப்பில் ஆக்சைடு தோல் பொதுவாகக் காப்பாக நிற்பதில்லை. உலர்த்தாத உப்பில் மில்லிமீட்டர் கணக்கில் போகிற அதே உலோகக் கலவை, நன்றாக உலர்த்தி, ஆர்கானின் கீழ் கொஞ்சம் மெக்னீசிய உலோகம் போட்ட உப்பில் மைக்ரான் கணக்குக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் நீங்கள் அளப்பது எந்த உலோகம் நல்லது என்பதையா, யார் உப்பை நன்றாக உலர்த்தினார்கள் என்பதையா? 2021-இல் அமெரிக்க எரிசக்தித் துறை அடுத்த தலைமுறைக் கோபுரத்துக்கு இந்தக் குளோரைடு வழியை விட்டுவிட்டு, உப்புக்குப் பதிலாகச் சூட்டைச் சுமக்கும் சாண்டியாவின் திட மணிகளை எடுத்துக்கொண்டது. அதனால் உங்கள் உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. காரைக்குடியில் மெக்னீசியம் பிரிக்க உருகிய குளோரைடோடு பழகியவர்கள் இருக்கிறார்கள். கல்பாக்கத்தில் அணு எரிபொருளுக்காக லித்தியம், பொட்டாசியம் குளோரைடில் உலோகங்களை நனைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்பை உலர்த்தும் கலையை அவர்களிடம் நேரில் போய்க் கற்றுக்கொண்டு வந்து, பிறகு உங்கள் மூசையைத் தொடுங்கள்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. பத்துத் துண்டு உப்பில் போடுகிறீர்கள் என்றால் அதில் குறைந்தது மூன்று பற்றவைத்ததாக இருக்கட்டும். தொட்டி கட்டுகிறவர் எந்தக் கம்பியில், எத்தனை அடுக்கில் பற்றவைப்பாரோ அப்படியே பற்றவைத்ததாக இருக்கட்டும். திருச்சியில் 347எச் குழாயோடு ஆயுளைக் கழித்த வெல்டர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். இன்னும் இரண்டு துண்டை வளைத்துத் திருகாணி போட்டு இறுக்கி, இழுப்போடு உப்பில் இறக்குங்கள். நிலையம் 30 ஆண்டு ஓடினால் அதன் குழாய்கள் பத்தாயிரம் தடவைக்கு மேல் சூடேறி ஆறும். நீங்கள் ஐம்பது தடவையாவது உலையை ஏற்றி இறக்குங்கள். எடை பார்த்ததோடு நிற்காமல், குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். வெடித்துப்போன துண்டு சராசரியைக் கெடுக்கிறது என்று தள்ளிவைக்காதீர்கள். அதன் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள்.

வழிகாட்டும் ஆசிரியப் பெருமக்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பற்றவைத்த துண்டுக்கு நேரம் அதிகம், செலவு அதிகம், முடிவு ஒரே எண்ணாக வராது, கட்டுரை சீக்கிரம் அச்சேறாது. எல்லாம் எனக்குத் தெரியும். 42 நாளில் முடியும் சோதனை மூன்றாண்டு உதவித்தொகைக்குள் அழகாக அடங்கும் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு தொட்டி ஒழுகும்போது கடன் கொடுத்த வங்கி எஃகைக் குறை சொல்வதில்லை, வெயிலையே குறை சொல்கிறது. அடுத்த கோபுரத்துக்குப் பணம் வராமல் போகிறது. பிள்ளைகளுக்கு இன்னும் ஓராண்டு கொடுங்கள்.

அம்பத்தூர் பானையிலிருந்து வெட்டிய அந்தத் துண்டைப் போர்மேன் அண்ணன் பழைய இரும்புக்குப் போடாமல் என்னிடம் கொடுத்தார். உள்ளங்கை அகலம், நடுவில் தையல், தையலோடு சேர்ந்தே ஓடும் கோடு. இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் உண்டு. நீங்கள் ஒதுக்கிவைத்த துண்டுகளைக் கையோடு கொண்டுவாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே மூசையும் தராசுமாக இருந்த ஒருவன்